வரலாற்றைக் கொண்டுவரவா?

டிசம்பரில் குரெஸ்ஸாரேயில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
மடிக்கணினி பழையது, நான்கு ஜிபி நினைவகம்,
இடவெளிப் பொத்தானில் யாருடைய நகமோ கீறிய கோடு.
எங்கள் அடுக்ககச் சங்கத்தின் வெப்பக் கணக்கைப்
பதினைந்தாம் தேதிக்குள் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும்.
அடையாள அட்டையைச் செருகினால்
எந்த உலாவி அதை மதிக்கிறதோ அது போதும்
என்றுதான் தொடங்கினேன்.

உண்மை அதுவல்ல.

மூன்றாம் மாடி ஹில்லார் படியில் நின்றே தீர்ப்பு எழுதினார்:
"நரியைப் போடு. மற்றதெல்லாம் உளவாளி."
தாலினிலிருந்து தங்கை த்ரீனு:
"எல்லாரும் வைத்திருப்பதையே வை.
பழுதானால் எல்லாருக்கும் பழுதாகும்."
அதிலும் ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

எல்லாரும் வைத்திருப்பதைத் திறந்தேன்.
ஏழு தாவல்கள், ஒன்றும் தாவவில்லை.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல்
விசிறி இரைந்தது.
உள்நுழையுங்கள், என்றது,
விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.
மூடிவிட்டேன்.

இரண்டாவது ஒல்லி, சுறுசுறுப்பு.
என் அட்டையைப் பார்த்து
யார் நீங்கள் என்றது.
முப்பத்தெட்டு வருடமாக இந்தத் தீவில்
யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.
ஒரு கணம் நன்றாகவே இருந்தது.

ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது.
அதில் ஒரு லத்தீன் சொல்.
மருத்துவரைப் பார்க்க ஒன்பது நாள் இருந்தது,
உலாவியோ உடனே கதவைத் திறந்தது.
இரவு இரண்டு மணிக்கு, ஒரே ஒருமுறை,
எழுத்துப் பிழையோடு தட்டினேன்.
பிழையை அதுவே திருத்திக்கொண்டது.

அன்றிலிருந்து
கம்பளி நூல் வாங்கப் போனால் பொய்முடி காட்டியது.
படகு நேரம் பார்க்கப் போனால் ஆயுள் காப்பீடு.
கம்பு ரொட்டி செய்முறைக்கு நடுவில்,
மாவு புளிக்கக் காத்திருக்கும் இடத்தில்,
நியாயமான கட்டணத்தில் அடக்கச் சேவை.
சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.
மறுநாளும் அதே இடத்தில் அதே விளம்பரம்.
அன்று சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் நாள் மருத்துவர்
ஒன்றுமில்லை என்றார்.
கொழுப்புக் கட்டி, கோலிக்குண்டளவு,
வீட்டுக்குப் போங்கள்.
நான் நம்பினேன். த்ரீனு அழுது முடித்து நம்பினாள்.
உலாவிதான் இன்றுவரை நம்பவில்லை.

பயந்ததைத் தட்ட ஒரு பெட்டி இருந்தது.
பிழைத்துக்கொண்டதை
எந்தப் பெட்டியில் தட்டுவது?

ஆகவே மூன்றாவது.
அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை,
ஹில்லாருக்குத் தலைகால் புரியாது.
ஏதோ ஒரு நீட்சியை நிறுவச் சொல்லி
நான்காம் முயற்சியில் அட்டையை ஏற்றது.
வெப்பக் கணக்கு போய்ச் சேர்ந்தது,
பதினோராம் வீட்டின் பாக்கி உட்பட.

பிறகு மரியாதையாகக் கேட்டது:
வேறு உலாவியிலிருந்து கொண்டுவரவா?
நான்கு சிறு கட்டங்கள்,
நான்கிலும் எனக்கு முன்பே யாரோ போட்ட சரிக்குறி.
கடவுச்சொற்கள். படிவத் தகவல். வரலாறு.
சட்சட்டென்று எடுத்தேன்.
புத்தகக்குறியில் மட்டும் விரல் நின்றது.
அந்த ரொட்டி, படகு அட்டவணை,
நாரைக் கூட்டை நோக்கிய நேரலைக் கேமரா.
டிசம்பரில் அதில் காலிக் கூடும் பனியும்தான்,
இருந்தும் தினமும் பார்ப்பேன்.
இவற்றின் காலைப் பிடித்துக்கொண்டு
வேறென்ன வருமோ.
அதையும் எடுத்துவிட்டேன்.

வெறும் பக்கம். நடுவில் ஒரு கோடு
துடித்துத் துடித்து நின்றது.
விர்ட்சு துறையின் பெயரை
ஒவ்வொரு எழுத்தாக முழுதும் அடித்தேன்.
முதல் எழுத்திலேயே முடித்துவைக்க
அதற்கு என்னைத் தெரியாது.

ஐந்தரைக்கு ஒரு படகு.
காற்று பலம், தாமதமாகலாம் என்றது,
துறையில் நிற்கும் எல்லாரிடமும்
சொல்வதைப் போலவே.